நெட்வேர்க்கை உடைச்சுப் படிக்கிற விஎம்மோட ஹோஸ்ட் எப்பிடிக் கதைக்கிறது? விசொக் பாவிச்ச ஆக்கள் சொல்லுங்கோ

கனகராயன்_ஆறு:
வணக்கம் எல்லாருக்கும். நான் கிளிநொச்சியில ஏ/எல் முடிச்ச பிள்ளையளுக்கு லினக்ஸும் நெட்வேர்க்கிங்கும் படிப்பிக்கிறன். எங்களிட்ட இருக்கிறது ஒரேயொரு சேர்வர், அதுதான் ஹோஸ்ட், அதில கேவிஎம் (ஒரு மெஷினுக்குள்ள கன மெஷின் ஓட்டுற லினக்ஸ் வசதி) போட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு விஎம், அதாவது உள்ளுக்குள்ள ஓடுற ஒரு மெய்நிகர் மெஷின், குடுத்திருக்கிறம். பாடமே நெட்வேர்க்கிங் எண்டபடியால் பிள்ளையள் இன்டர்ஃபேஸை டவுன் பண்ணுவினம், ரவுட்டை அழிப்பினம், ஃபயர்வோலில எல்லாத்தையும் டிரொப் எண்டு போடுவினம், போடத்தான் வேணும் அப்பதான் கை பழகும். பிரச்சினை என்னெண்டால் செய்த வேலை சரியோ பிழையோ எண்டு பாக்கிற எங்கட ஸ்கிரிப்ட் எஸ்எஸ்எச்சாலதான் (நெட்வேர்க்கால மற்ற மெஷினுக்குள்ள போற வழி) உள்ள போகுது, பிள்ளை ஃபயர்வோலை வடிவாப் பூட்டினால் ஸ்கிரிப்ட்டும் வெளியில நிண்டுபோகும், கடைசியில நல்லாச் செய்த பிள்ளைக்குத்தான் பூச்சியம் விழுது. ரெண்டாவது நெட்வேர்க் கார்ட் ஒண்டு குடுத்துப் பாத்தம், அது ரவுட்டிங் டேபிளில வந்து நிண்டு பிள்ளையளைக் குழப்புது, சிலபேர் அதையும் சேத்து டவுன் பண்ணிப் போடினம். சீரியல் கொன்சோல் ஒரு ஆளுக்குத்தான் காணும், லொகின் எழுத்துக்களும் எங்கட டேட்டாவும் ஒண்டா வந்து கலக்குது. வேற வழி தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பூவரசங்குளம்:
மிஸ், உங்களுக்கு வேண்டிய சாமான் விசொக். லினக்ஸ் கேர்னலுக்குள்ளயே (லினக்ஸின்ர கருப்பகுதி) இருக்கு, ஹோஸ்ட்டும் விஎம்மும் கதைக்கிறதுக்கெண்டே செய்த சொக்கெட் குடும்பம், சொக்கெட் எண்டால் ப்ரோகிராமுகள் டேட்டா அனுப்பி வாங்கிற முனை. ஐபி அட்ரஸ் இல்லை, ரவுட் இல்லை, டிஎன்எஸ் இல்லை, நெட்வேர்க் கார்ட் எண்டு ஒண்டும் விஎம்முக்குள்ள தெரியாது, ஐபி கொமாண்டை எத்தினை தரம் அடிச்சாலும் அதில வராது. ஐபிடேபிள்ஸ், என்எஃப்டேபிள்ஸ் எண்ட லினக்ஸ் ஃபயர்வோல் ரெண்டும் அதைக் காணவே காணாது, ஏனெண்டால் அந்தப் பக்கற் (அனுப்புற டேட்டாத் துண்டு) ஐபி அடுக்குக்குள்ள போறதே இல்லை. பிள்ளையள் நெட்வேர்க்கை என்ன பாடு படுத்தினாலும் இந்த வழி திறந்துதான் கிடக்கும்.

ப்ரோகிராம் எழுதுற ஆளுக்கு இது வழமையான சொக்கெட்தான். சொக்கெட், பைன்ட், லிசின், அக்செப்ட், கனெக்ட் எல்லாம் அதே கோல்தான், குடும்பத்தின்ர பேர் மட்டும் ஏஎஃப்_விசொக், லினக்ஸில அதின்ர நம்பர் 40. அட்ரஸில ரெண்டு விசயம்தான் முக்கியம், ஒண்டு கொன்டெக்ஸ்ட் ஐடி எண்ட 32 பிட் நம்பர், மற்றது போர்ட், அதுவும் 32 பிட், டிசிபி மாதிரி 16 பிட்டோட நிக்காது. ஹோஸ்ட்டுக்கு எப்பவும் ஐடி 2. 1 எண்டால் லோக்கல், தனக்குத்தானே கதைக்கிறது. 0 ஹைப்பர்வைசருக்கு எண்டு ஒதுக்கினது. விஎம்முகளுக்கு நீங்கள் 3இல இருந்து குடுக்கலாம். பைதன் 3.7இல இருந்து சொக்கெட் மொடியூலுக்குள்ளயே இது இருக்கு, ஸ்கிரிப்ட்டை முழுசா மாத்தி எழுதத் தேவையில்லை.

விஎம்மை ஓட்டுற க்யூஎமு ப்ரோகிராமில விஹோஸ்ட்-விசொக்-பிசிஐ எண்ட டிவைஸைச் சேத்து கெஸ்ட்-சிஐடி (விஎம்மின்ர கொன்டெக்ஸ்ட் ஐடி) 3 எண்டு குடுத்தால் முடிஞ்சுது. ஹோஸ்ட்டில விஹோஸ்ட்_விசொக் மொடியூல் ஏறியிருக்க வேணும், டெவ் ஃபோல்டருக்குள்ள விஹோஸ்ட்-விசொக் எண்டு ஃபைல் தெரிஞ்சால் சரி.

ஒட்டுசுட்டான்77:
உது விஎம்வேர் கொம்பனியின்ர சாமான் எல்லோ? நான் முந்தி எங்கயோ வாசிச்ச ஞாபகம், கேவிஎம்மில எப்பிடி வேலை செய்யும்?

பூவரசங்குளம்:
ஓம் தம்பி, தொடங்கினது அவைதான். 2013இல வந்த லினக்ஸ் 3.9இல விஎம்வேர் குடுத்த கோடாத்தான் இது கேர்னலுக்குள்ள வந்தது, கீழ டேட்டாவைக் கொண்டுபோனது அவையின்ர விஎம்சிஐ. ஆனா மேல சொக்கெட், கீழ டிரான்ஸ்போர்ட் (டேட்டாவைக் கொண்டுபோற பகுதி) எண்டு பிரிச்சு எழுதியிருந்தபடியால் மற்ற ஆக்களும் தங்கட டிரான்ஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கொழுவ ஏலுமாப் போச்சு. 2016இல லினக்ஸ் 4.8ஓட விர்ட்டையோ-விசொக் வந்தது, கேவிஎம் ஆக்கள் பாவிக்கிறது இதுதான். அதுக்கு அடுத்த வருசம் 4.14இல மைக்ரோசொஃப்ட்டின்ர ஹைப்பர்-வி டிரான்ஸ்போர்ட் வந்தது. மூண்டுக்கும் மேல ஓடுற ப்ரோகிராம் ஒண்டேதான், இதைச் செய்த ஆக்களை நான் மனசார மெச்சுவன், அடித்தளம் மாறினாலும் எங்கட கோட் மாறாமல் நிக்கிறது லேசான விசயம் இல்லை.

நெடுங்கேணி_பிள்ளை:
அண்ணை நான் அறிவியல்நகரில எஞ்சினியரிங் படிக்கிறன், ஒரு சந்தேகம். டிசிபியில சீக்வன்ஸ் நம்பர், அக், திருப்பி அனுப்புறது, செக்சம் எல்லாம் இருக்கெல்லோ, இதில அதெல்லாம் எங்க? இல்லாட்டி டேட்டா துலையாதோ?

பூவரசங்குளம்:
நல்ல கேள்வி. இதில ஒண்டும் துலையிறதுக்கு வழியில்லை எண்டதுதான் விசயம். டேட்டா கேபிளால போறேல்ல, விஎம்மின்ர மெமரியில இருக்கிற விர்ட்கியூ எண்ட வளையத்தில வைக்கினம், மற்றப் பக்கம் அதே மெமரியில இருந்து எடுக்குது. மொத்தம் மூண்டு கியூ, வாறதுக்கு ஒண்டு, போறதுக்கு ஒண்டு, ஈவன்ட்டுக்கு ஒண்டு. மெமரியில வைச்சது ஒழுங்கு மாறாமல் அப்பிடியே இருக்கும், அதால திருப்பி அனுப்புற சோலி இல்லை, செக்சமும் இல்லை.

ஒவ்வொரு பக்கற்றுக்கும் முன்னால 44 பைட் ஹெடர் ஒண்டு வரும். அனுப்பினவற்ர ஐடி, வாங்கிறவற்ர ஐடி, ரெண்டு போர்ட், நீளம், ஸ்ட்ரீமோ சீக்பக்கற்றோ எண்டு ஒரு டைப், பிறகு ஒபரேசன், கொடிகள், கடைசியா பஃப்_அலொக், எஃப்டபிள்யூடி_கவுன்ட் எண்டு ரெண்டு நம்பர். ஒபரேசன் எண்டுறது ரிக்வெஸ்ட், ரெஸ்பொன்ஸ், ரீசெட், ஷட்டவுன், டேட்டா, கிரெடிட் அப்டேட், கிரெடிட் ரிக்வெஸ்ட், இவ்வளவும்தான். டிசிபியில மூண்டு தரம் கைகுலுக்கிற இடத்தில இஞ்ச ரிக்வெஸ்ட் ஒண்டு ரெஸ்பொன்ஸ் ஒண்டோட கனெக்சன் எழும்பிடும், அந்த போர்ட்டில ஒருத்தரும் லிசின் பண்ணாட்டி ரீசெட் வரும்.

கடைசி ரெண்டு நம்பரிலதான் இதின்ர மூளை இருக்கு, அதை வடிவாச் சொல்லுறன். அறுவடை நேரம் மில்லுக்கு நெல் ஏத்துற ஆக்களுக்குத் தெரியும், காயப்போடுற தளத்தில இடம் இருக்கோ எண்டு கேட்டுத்தான் ட்ரக்டரை விடுவினம், இடம் இல்லாமல் விட்டால் ரோட்டை மறிச்சு மற்றவனின்ர ட்ரக்டரும் நிக்கும். இதுவும் அப்பிடித்தான், எல்லாச் சொக்கெட்டும் ஒரே கியூவைப் பங்கு போடுது, ஒரு ப்ரோகிராம் வாசிக்காமல் நித்திரை கொண்டால் அதின்ர டேட்டா கியூவை அடைச்சு மற்றச் சொக்கெட்டுகளையும் மறிச்சுப்போடும். அதால வாங்கிறவர் ஒவ்வொரு பக்கற்றிலயும் என்ர பஃபர் இவ்வளவு, இதுவரைக்கும் இவ்வளவு பைட் வாசிச்சு முடிச்சன் எண்டு சொல்லிக்கொண்டே இருப்பார், அனுப்புறவர் தான் மொத்தம் அனுப்பின கணக்கைத் தானே வைச்சிருப்பார்.

கணக்கைப் பாரும். லினக்ஸில டிஃபோல்ட் பஃபர் 256 கேபி, அதாவது 2,62,144 பைட். நீர் அவ்வளவையும் அனுப்பிட்டீர், மற்றப் பக்கம் இன்னும் வாசிக்கேல்ல எண்டால் மிச்ச இடம் பூச்சியம், உம்மட சென்ட் கோல் அப்பிடியே நிக்கும். மற்றவர் 65,536 பைட் வாசிச்சார் எண்டு வையும், கிரெடிட் அப்டேட்டில அந்த நம்பர் வரும், 2,62,144இல 65,536ஐக் கழிச்சால் இன்னும் வாசிக்காமல் கிடக்கிறது 1,96,608, அதைப் பஃபரில கழிச்சால் மிச்சம் 65,536, அவ்வளவுதான் இனி அனுப்பலாம். பஃபரைக் கூட்ட வேணுமெண்டால் சொக்கெட் ஒப்சன் இருக்கு, ஆனா உச்ச அளவும் டிஃபோல்ட்டா அதே 256 கேபிதான், முதல்ல உச்சத்தைக் கூட்டிப்போட்டுத்தான் அளவைக் கூட்ட வேணும், இல்லாட்டி கூட்டினமாதிரி இருக்கும் கூடியிராது.

நெடுங்கேணி_பிள்ளை:
இப்ப விளங்குது அண்ணை. என்னட்ட லப்டொப் ஒண்டுதான் இருக்கு, அதுக்குள்ள விஎம் போட்டால் இழுக்காது, இதை நான் எப்பிடிச் செய்து பாக்கிறது?

பூவரசங்குளம்:
விஎம் தேவையில்லை. லினக்ஸ் 5.6இல இருந்து விசொக்_லூப்பக் எண்டு ஒரு மொடியூல் இருக்கு, அதை ஏத்திப்போட்டு ஐடி 1க்குக் கனெக்ட் பண்ணினால் ஒரே மெஷினுக்குள்ள சேர்வரும் கிளையன்ட்டும் கதைக்கும். சோக்கட் (socat, சொக்கெட் இல்லை, ரெண்டு முனையை இணைக்கிற ஒரு கொமாண்ட்) எண்டதில 1.7.4இல இருந்து விசொக்-லிசின், விசொக்-கனெக்ட் எண்டு ரெண்டும் இருக்கு, ஒரு டெர்மினலில போர்ட் 5000இல லிசின் பண்ணி மற்றதில கனெக்ட் பண்ணும், ஒரு வரி கோட் எழுதாமல் பாக்கலாம். பக்கற்றை உள்ளுக்கு பாக்க ஆசை எண்டால் டிசிபிடம்ப் சும்மா விட்டால் ஒண்டும் காட்டாது, ஐபி லிங்க் கொமாண்டால விசொக்மொன் டைப்பில ஒரு டிவைஸ் சேத்து அதை அப் பண்ண வேணும், பிறகு வயர்ஷார்க்கில அதைத் திறந்தால் நான் மேல சொன்ன ஒபரேசன் எல்லாம் பேரோட தெரியும். கிரெடிட் நம்பர் ஏறி இறங்குறதைக் கண்ணால பாத்தால் பேந்து மறக்க மாட்டீர்.

கனகராயன்_ஆறு:
அண்ணை ரெண்டு விஎம்முக்குப் போட்டுப் பாத்தன், உண்மையிலயே இன்டர்ஃபேஸ் எல்லாம் டவுனாக் கிடக்க ஸ்கிரிப்ட் உள்ள போய்ப் பதில் கொண்டுவருது, எனக்கு எவ்வளவு சந்தோசம் எண்டு சொல்ல ஏலாது. ஆனா மூண்டாவது விஎம்மை எழுப்பக்குள்ள கெஸ்ட் ஐடியைப் போட ஏலாது, அட்ரஸ் ஏற்கெனவே பாவனையில எண்டு க்யூஎமு கத்திப்போட்டு நிக்குது.

முறிகண்டி_ரோட்:
மிஸ், ரெண்டு விஎம்முக்கு ஒரே ஐடி விழுந்திருக்கு, விஎம்மை குளோன் பண்ணினால் அதின்ர செட்டிங் இருக்கிற எக்ஸ்எம்எல் ஃபைலும் அப்பிடியே கொப்பி ஆகும். ஒரு ஹோஸ்ட்டில ஒரு ஐடி ஒரு விஎம்முக்குத்தான்.

இதில இன்னொண்டும் சொல்ல வேணும், விஎம்முகளை நிர்வகிக்கிற லிப்விர்ட் பாவிக்கிறியள் எண்டால் எக்ஸ்எம்எல்லில ஓட்டோ யெஸ் எண்டு விட்டால் அது விஎம் எழும்பக்குள்ள காலியா இருக்கிற ஐடியைத் தானே எடுத்துக் குடுக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்கட பக்கம் கரண்ட் போய் வாறது உங்களுக்குத் தெரியும்தானே, சேர்வர் திருப்பி எழும்பி விஎம்முகள் வேற ஒழுங்கில ஓடினால் நேற்று 5இல இருந்த பிள்ளை இண்டைக்கு 7இல இருக்கும், நீங்கள் ஐடியை வைச்சுப் புள்ளி போடுறியள் எண்டால் ஒரு பிள்ளையின்ர புள்ளி மற்றப் பிள்ளைக்குப் போகும், எரர் ஒண்டும் வராது, ஒருத்தருக்கும் தெரியவும் வராது. ஓட்டோ நோ போட்டு நம்பரை நீங்களே குடுங்கோ, பிள்ளையின்ர இடாப்பு நம்பரோட 100 கூட்டி வைச்சால் பாத்த உடனயே ஆள் ஆரெண்டு தெரியும்.

ஒட்டுசுட்டான்77:
சரி, ஆனா பிள்ளையளுக்குத் தங்கட விஎம்மில ரூட் (முழு அதிகாரம்) இருக்கெல்லோ. ஒரு பிள்ளை தன்ர விஎம்மில இருந்துகொண்டு நான்தான் 107 எண்டு மற்றப் பிள்ளையின்ர ஐடியைப் போட்டு அனுப்பினால்? ஐபியில சோர்ஸ் அட்ரஸை மாத்தி அனுப்புறமாதிரி.

பூவரசங்குளம்:
ஏலாது, அதுதான் எனக்கு இதில மிகவும் பிடிச்ச இடம். விஎம்முக்குள்ள கேர்னலையே மாத்தி ஹெடரில பொய் ஐடி எழுதினாலும், ஹோஸ்ட் கேர்னலில விஹோஸ்ட் கோட் ஒவ்வொரு பக்கற்றையும் எடுக்கக்குள்ள சோர்ஸ் ஐடி இந்த விஎம்முக்குக் குடுத்த ஐடியோ, போற இடம் ஹோஸ்ட்டோ எண்டு ரெண்டையும் பாக்கும். ரெண்டில ஒண்டு பிழைச்சாலும் பக்கற்றை அங்கயே எறிஞ்சுபோடும். அதாவது அக்செப்ட் பண்ணின சொக்கெட்டில கெட்பியர்நேம் (மற்றப் பக்கம் ஆரெண்டு சொல்லுற கோல்) கேட்டு வாற ஐடியை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம், அது ஹோஸ்ட் கேர்னல் சொல்லுற சாட்சி. இதாலயே ஒரு விஎம் இன்னொரு விஎம்மோட நேரடியாக் கதைக்கவும் வழியில்லை, சோதினை நேரத்தில அது உங்களுக்கு நல்லது.

ஆனா மிஸ், இதை நான் அழுத்திச் சொல்ல வேணும். விசொக் உறுதிப்படுத்துறது எந்த விஎம்மில இருந்து வந்தது எண்டதை மட்டும்தான், அதுக்குள்ள ஆர் அனுப்பினது எண்டதையோ சொன்னது உண்மையோ எண்டதையோ இல்லை. விஎம்முக்குள்ள இருக்கிற எந்த யூசரும் ஹோஸ்ட்டுக்குக் கனெக்ட் பண்ணலாம். 1024க்குக் கீழ போர்ட்டில பைன்ட் பண்ண அதிகாரம் வேணும் எண்டு ஒரு சட்டம் இருக்கு, ஆனா பிள்ளை ரூட் எண்டால் அதுவும் உதவாது. விஎம்முக்குள்ள இருந்து ஸ்கிரிப்ட்டுக்குப் பதில் சொல்லுற உங்கட ஏஜென்ட் ப்ரோகிராமை நிப்பாட்டிப்போட்டு அதே போர்ட்டில எல்லாம் சரி எண்டு பதில் சொல்லுற பத்து வரி பைதனை ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எழுதும், எழுதினால் எனக்கு அந்தப் பிள்ளையில கோவம் வராது. அதால ஏஜென்ட்டிட்ட முடிவைக் கேக்காதேங்கோ. ஃபயர்வோல் பாடம் எண்டால் ஹோஸ்ட்டில இருந்து அந்த விஎம்மின்ர ஐபிக்கு உண்மையிலயே போர்ட்டைத் தட்டிப் பாருங்கோ, எது திறந்திருக்கு எது பூட்டியிருக்கு எண்டு வெளியில இருந்து தெரியும், விசொக்கால எடுக்கிற விதிகளின்ர பட்டியலை அதோட ஒப்பிடுங்கோ. ரெண்டும் பொருந்தினால் புள்ளி.

அதேமாதிரி ஹோஸ்ட்டில ஓடுற உங்கட சேர்வர் ப்ரோகிராம் விஎம்மில இருந்து வாறதை நம்பக்கூடாது. நீளம் பாருங்கோ, டைம்அவுட் போடுங்கோ, ரூட்டில ஓட்டாதேங்கோ. ஹோஸ்ட்டின்ர ஃபயர்வோலும் விசொக்கை மறிக்காது எண்டதை மறக்கவேண்டாம், கதவு அங்கயும் அதேமாதிரித்தான் திறந்து கிடக்குது.

முறிகண்டி_ரோட்:
செக்கியூரிட்டி எண்டு வந்தபடியால், கேர்னலை அப்டேட் பண்ணி வையுங்கோ எண்டதையும் சேத்துக்கொள்ளுங்கோ. 2021இல அலெக்சாண்டர் பொப்போவ் எண்டவர் விசொக்கில ஐஞ்சு ஓட்டையைக் கண்டுபிடிச்சவர், அதின்ர பதிவு நம்பர் சிவிஇ-2021-26708. சாதாரண யூசர் ரூட் ஆகலாம். 5.5இல ஒரே மெஷினில ஒண்டுக்கு மேற்பட்ட டிரான்ஸ்போர்ட் ஓட இடம் குடுத்தவை, விஎம்முக்குள்ள விஎம் ஓட்டுற ஆக்களுக்கு அது கட்டாயம் தேவை, ஆனா அதோட சொக்கெட்டின்ர டிரான்ஸ்போர்ட் இடையில மாறலாம் எண்டு வந்துட்டுது. சில ஃபங்சனில சொக்கெட்டைப் பூட்ட (லொக் பண்ண) முந்தி டிரான்ஸ்போர்ட் பொயின்டரை (அது மெமரியில இருக்கிற இடத்தின்ர அட்ரஸ்) எடுத்து லோக்கல் வேரியபிளில வைச்சுப்போட்டு பிறகு பூட்டினவை, அந்த இடைவெளிக்குள்ள அதே நேரம் ஓடுற இன்னொரு த்ரெட் வேற ஐடிக்குக் கனெக்ட் அடிச்சால் பழைய டிரான்ஸ்போர்ட் விட்டுப்போயிடும், கையில இருக்கிற பொயின்டர் பழசு. திருத்தம் என்ன தெரியுமோ, பொயின்டரை எடுக்கிற வரியை லொக் பண்ணுற வரிக்குக் கீழ இறக்கினது. கேர்னல் படிக்கிற பிள்ளையளுக்கு நான் இதைத்தான் காட்டுறனான், ஒரு வரி மேலயோ கீழயோ எண்டதில எவ்வளவு கிடக்குது எண்டு.

நெடுங்கேணி_பிள்ளை:
எங்கட பெடியள் கனபேர் விண்டோஸ்தான் வைச்சிருக்கினம், ஹைப்பர்-வியில லினக்ஸ் போட்டால் இது அப்பிடியே ஓடுமோ?

பூவரசங்குளம்:
லினக்ஸ் பக்கம் அப்பிடியே ஓடும், ஐடி 2க்குக் கனெக்ட் பண்ணினால் ஹோஸ்ட். விண்டோஸ் பக்கம்தான் வித்தியாசம், அங்க போர்ட் நம்பர் எண்டு இல்லை, ஏஎஃப்_ஹைப்பர்வி எண்ட குடும்பத்தில விஎம்முக்கு ஒரு ஜியுஐடி (நீளமான தனி அடையாள நம்பர்), சேர்விசுக்கு ஒரு ஜியுஐடி. லினக்ஸின்ர போர்ட் நம்பர் அந்த சேர்விஸ் ஜியுஐடியின்ர முதல் எட்டு இலக்கத்தில ஹெக்ஸாப் போய் உக்காரும், மிச்சம் மாறாத ஒரு வால். சேர்விஸை ரெஜிஸ்ட்ரியில பதியவும் வேணும். தொடங்கிற ஆளுக்கு அது கரைச்சல், லினக்ஸிலயே லூப்பக்கோட தொடங்கும்.

கனகராயன்_ஆறு:
ஓட்டோவை எடுத்துப்போட்டு எல்லாருக்கும் இடாப்பு நம்பரோட ஐடி குடுத்திட்டன், நன்றி முறிகண்டி. இன்னும் ரெண்டு கேள்வி. ஒண்டு, பிள்ளை தன்னைத்தானே வெளிய பூட்டினால் நான் உள்ள போய்க் காட்டிக்குடுக்க வேணும், ஸ்கிரிப்ட் காணாது, கொமாண்ட் அடிக்கிற ஷெல் வேணும். ரெண்டாவது, ஏஜென்ட்டிட்ட இருந்து வாற பதில் சில நேரம் பாதி பாதியா வருது, ஒரு ரிசீவில முழுசு வருதில்லை.

பூவரசங்குளம்:
முதலாவதுக்கு, சிஸ்டம்டி (லினக்ஸில சேர்விசுகளை எழுப்புற ப்ரோகிராம்) 256 இருக்கிற விஎம் எண்டால் வேலை லேசு. விஎம்முக்குள்ள எஸ்எஸ்எச் சேர்வர் இன்ஸ்டோல் பண்ணியிருந்தால் அது விசொக் போர்ட் 22இலயும் தானே லிசின் பண்ணும், ஹோஸ்ட்டிலயும் அதே சிஸ்டம்டி இருந்தால் எஸ்எஸ்எச் எண்டு அடிச்சு விசொக் சாய்கோடு 107 எண்டு குடுங்கோ, நெட்வேர்க் ஒண்டும் இல்லாமல் ஷெல் வரும். பழைய டிஸ்ட்ரோ எண்டால் விஎம்முக்குள்ள சோக்கட்டால போர்ட் 22ஐ உள்ளுக்குள்ளயே லோக்கல்ஹோஸ்ட்டுக்குத் திருப்பிவிட்டு, ஹோஸ்ட்டில எஸ்எஸ்எச்சின்ர ப்ரொக்சிகொமாண்ட் ஒப்சனுக்கு சோக்கட்டைக் குடுங்கோ. ஆனா பிள்ளை லோக்கல்ஹோஸ்ட்டையும் சேத்து டிரொப் பண்ணினால் இந்தப் பழைய வழி செத்துப்போகும், சிஸ்டம்டி வழிக்கு அந்தப் பயம் இல்லை.

ரெண்டாவது, நீங்கள் ஸ்ட்ரீம் சொக்கெட் திறந்திருப்பியள். ஸ்ட்ரீம் எண்டால் டிசிபி மாதிரியே பைட் ஓட்டம்தான், எங்க ஒரு செய்தி முடியுது எண்டு அதுக்குத் தெரியாது. முன்னால நாலு பைட்டில நீளத்தை எழுதி அனுப்பி, வாங்கிற பக்கம் அவ்வளவும் வருமட்டும் சுத்தி வாசியுங்கோ. இல்லாட்டி சீக்பக்கற் டைப்பில திறவுங்கோ, விர்ட்டையோவுக்கு 5.14இல இருந்து இருக்கு, ஒரு சென்டில போனது ஒரு ரிசீவில வரும், செய்தியின்ர எல்லையை அது காப்பாத்தும். ஆனா ரிசீவுக்குக் குடுக்கிற பஃபர் செய்தியை விடச் சின்னன் எண்டால் மிச்சம் வெட்டுப்பட்டுப் போயிடும், திருப்பி வராது, அதால பஃபரைத் தாராளமாக் குடுங்கோ. விஎம்முகளில பழைய கேர்னலும் கலந்து இருக்குது எண்டால் நீளம் எழுதுற வழிதான் எல்லாத்திலயும் ஓடும், நான் எண்டால் அதைத்தான் செய்வன்.

முறிகண்டி_ரோட்:
பிறகு ஒரு காலம் ரெண்டாவது சேர்வர் வாங்கி விஎம்மை ஓடஓட மாத்திற நிலைமை வந்தால் ஞாபகம் வைச்சிருங்கோ, லைவ் மைக்ரேசனில விசொக் கனெக்சன் கூடப் போகாது. போய்ச் சேர்ந்த உடன ஈவன்ட் கியூவில டிரான்ஸ்போர்ட் ரீசெட் எண்டு ஒண்டு வரும், திறந்திருந்த கனெக்சன் எல்லாம் அறும், லிசின் பண்ணிக்கொண்டிருந்த சொக்கெட் மட்டும் தப்பும். ஏஜென்ட் லிசின் பண்ண ஹோஸ்ட் போய்க் கனெக்ட் பண்ணுற மாதிரி இப்பவே எழுதி வைச்சால், அறுந்தாலும் ஹோஸ்ட் திருப்பிக் கனெக்ட் பண்ணினால் காணும்.

கனகராயன்_ஆறு:
ஏஜென்ட்தான் லிசின் பண்ணுது, அப்ப அது சரி. நீளம் எழுதுற வழியையே போடுறன், ரெண்டு விஎம் இன்னும் 5.4இல நிக்குது. கோட் எழுதி முடிச்சு இஞ்சயே போடுறன், ஆராவது ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ.